அந்த 2 ஸ்கோரை அனுப்பலாமா, வேண்டாமா?

டெக்சாஸில் டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசை. 11 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறான். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் நான்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் மூன்று, மீதி நான்கும் தனியார் கல்லூரிகள். அவற்றில் ஒன்று யேல், அது அப்பாவின் ஆசை. பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி அளவிலான ஏ.பி. தேர்வுகளில் இதுவரை ஆறு எழுதியிருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் ஹியூமன் ஜியாகிரபியில் 4 வந்தது. பத்தாம் வகுப்பில் உலக வரலாற்றில் 3, 'பிசிக்ஸ் ஒன்று' என்ற பாடத்தில் 2. பதினொன்றாம் வகுப்பில் கால்குலஸ் பி.சி.யிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ-விலும் 5, ஆங்கில மொழியில் 3. கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யும் நன்றாகவே எழுதியிருக்கிறான்.

அந்த 2-தான் வீட்டில் இப்போது பிரச்சினை. கணவர் அதை ரத்து செய்துவிடலாம் என்கிறார். ஆறுக்கும் சராசரி 3.67 வருகிறது, 2-ஐ எடுத்துவிட்டால் 4 ஆகிவிடும் என்பது அவருடைய கணக்கு. கும்பகோணத்தில் இருக்கும் தாத்தா, "வாங்கின மார்க்கை மறைச்சா அது பொய் இல்லையா?" என்று போனில் கேட்டிருக்கிறார். தோழி ஒருவர், ஏ.பி. தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து அதிகாரப்பூர்வமாக ஸ்கோர் போகாவிட்டால் விண்ணப்பமே முழுமையாகாது என்று சொல்ல, இவர் பயந்துபோய் மகனின் கணக்கில் நுழைந்து நான்கு கல்லூரிகளுக்குத் தலா 15 டாலர் கட்டி அனுப்பிவிட்டார். அது தெரிந்ததும் மகன், "அது என் ஸ்கோர்ம்மா, என்னைக் கேக்காம எப்படி அனுப்புவீங்க?" என்று கத்தியிருக்கிறான். மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. "நானே அவன் வாய்ப்பைக் கெடுத்துவிட்டேனா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரி,

கெடுக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் கட்டிய 60 டாலர் தேவையில்லாத செலவு, அவ்வளவுதான். அதனால் எந்தக் கதவும் மூடிவிடவில்லை. மகனிடம் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோரும் "அனுப்புவது" என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் ஸ்கோரை அவனே எழுதுவது ஒன்று. அது இப்போது நடப்பது, செலவில்லாதது. காலேஜ் போர்டு வழியாக அதிகாரப்பூர்வ அறிக்கை அனுப்புவது இரண்டாவது. அதைச் சேரப் போகும் ஒரே ஒரு கல்லூரிக்கு, அடுத்த கோடையில் செய்தால் போதும். கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்த ஸ்கோருக்குக் கிரெடிட், அதாவது அந்தப் பாடத்தைக் கல்லூரியிலேயே முடித்ததாகக் கணக்கு, கேட்டு வாங்குவது மூன்றாவது. உங்கள் கவலை எல்லாம் முதலாவதின் மேல் இருக்கிறது, பணம் இரண்டாவதற்குப் போயிருக்கிறது. மகனின் படிப்பை உண்மையிலேயே பாதிக்கக்கூடியது மூன்றாவது. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சராசரி யாரும் போடுவதில்லை

உங்கள் கணவரின் 3.67 கணக்கைப் படித்தபோது எனக்கு நம் ஊர் கட்-ஆஃப் ஞாபகம் வந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, ஆக 200-க்கு எத்தனை என்று பார்த்து அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்குப் போய் நின்ற தலைமுறை நாம். அரை மார்க்கில் கல்லூரி மாறும். அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் நம்மை விட்டுப் போகாது. ஆனால் இங்கே ஏ.பி. ஸ்கோர்களைக் கூட்டி வகுத்துத் தரவரிசை போடுவதில்லை. 1 முதல் 5 வரையிலான அந்த எண், ஒரு பாடத்தில் கல்லூரி முதலாண்டு அளவுக்கு மாணவர் தயாராக இருக்கிறாரா என்று சொல்கிறது. 3 என்றால் தகுதி உண்டு, 4 என்றால் நல்ல தகுதி, 5 என்றால் மிக நல்ல தகுதி என்று காலேஜ் போர்டே பொருள் சொல்கிறது. 2-க்குத் தகுதி இருக்கலாம் என்று பொருள்.

விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் எடுப்பது பள்ளியின் கிரேடு பட்டியலான டிரான்ஸ்கிரிப்டை. பள்ளியில் என்னென்ன கடினமான பாடங்கள் கிடைத்தன, அதில் இவன் எதை எடுத்தான், வகுப்பில் என்ன கிரேடு வாங்கினான் என்றுதான் பார்ப்பார். பிசிக்ஸ் ஒன்று வகுப்பில் உங்கள் மகனுக்கு வருடம் முழுவதும் ஏ கிரேடு என்று எழுதியிருக்கிறீர்கள். அது டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. மே மாதத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் எழுதிய தேர்வு அதைவிடப் பெரியதாகிவிடாது.

அந்த 2-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையன் அதை வெட்கமாகச் சுமந்துகொண்டிருப்பான் என்று தோன்றுகிறது. பிசிக்ஸ் ஒன்று பல வருடமாகவே பிள்ளைகள் தடுக்கி விழுந்த தேர்வு. 2023, 2024 இரண்டு வருடமும் அதை எழுதியவர்களில் பாதிப்பேருக்கும் குறைவாகவே 3-ஐத் தொட்டார்கள். கால்குலஸ் பி.சி.யில் நிலைமை வேறு. அங்கே 2023-ல் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் 5 வாங்கினார்கள். ஆகவே இரண்டு பாடத்தின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே சரியில்லை. அதோடு பிசிக்ஸ் ஒன்று அல்ஜீப்ரா அடிப்படையிலான பாடம். இன்ஜினியரிங் கல்லூரிகள் கேட்பது கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல். அவன் அதில் 5 வாங்கியிருந்தால்கூடப் பெரும்பாலான இன்ஜினியரிங் துறைகளில் முதலாண்டு இயற்பியலைத் தாண்டியிருக்க முடியாது. அதற்குப் பயன்படுவது இந்த வருடம் அவன் படிக்கும் பிசிக்ஸ் சி. அந்த 2-க்குச் சரியான பதில் அதுதான், அதை அவன் ஏற்கெனவே படிக்கத் தொடங்கிவிட்டான்.

தாத்தாவின் கேள்வி

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை ஒதுக்காமல் பதில் சொல்லுங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் ஒரு பாடத்தை மட்டும் மறைத்துக் கொடுத்தால் அது மோசடி. ஏனென்றால் அங்கே முழு மார்க் ஷீட்டையும் கேட்கிறார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது படிவம் என்ன கேட்கிறது என்பதை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் எத்தனை ஏ.பி. தேர்வுகளைத் தெரிவிக்க விரும்புகிறீர்கள் என்றுதான் கேள்வி இருக்கிறது. கேட்பவரே விருப்பத்தை நம்மிடம் விட்டிருக்கும்போது, நல்லதை மட்டும் எழுதுவதில் பொய் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி விட்டுவிடுவதில்லை. உங்கள் பட்டியலிலேயே இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது யேல். அவர்கள் 2024 பிப்ரவரியில் ஒரு புது விதி அறிவித்தார்கள். எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி., ஏ.பி., ஐ.பி. என்ற இன்னொரு பாடத்திட்டத்தின் தேர்வு, இந்த நான்கில் ஏதாவது ஒரு வகை ஸ்கோர் கட்டாயம் தர வேண்டும், எது என்பதை மாணவர் முடிவு செய்யலாம். ஏ.பி.யைத் தேர்ந்தெடுத்தால் அதுவரை எழுதிய எல்லா ஏ.பி. ஸ்கோரையும் சொல்ல வேண்டும். உங்கள் மகனிடம் நல்ல எஸ்.ஏ.டி. இருக்கிறது. அதைக் கொடுத்துக் கட்டாயத்தை நிறைவேற்றிவிட்டால் போதும்.

இரண்டாவது கலிபோர்னியா. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு. எஸ்.ஏ.டி.யைச் சேர்க்கைக்கு அவர்கள் பார்ப்பதே இல்லை. ஏ.பி.யில் எழுதிய தேர்வுகளையும் எழுதப் போகும் தேர்வுகளையும் பதியச் சொல்கிறார்கள். அங்கே ஆறையும் எழுதிவிடுங்கள், 2 உட்பட. மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். 3-ஓ அதற்கு மேலோ வாங்கிய ஒவ்வொன்றுக்கும் அங்கே கிரெடிட் உண்டு, அந்த வகையில் ஐந்து பாடங்கள் அவனுக்கு உதவும்.

மற்ற கல்லூரிகளுக்கு என் யோசனை இதுதான். இரண்டு 5-ம் ஒரு 4-ம் எல்லா இடத்திலும் போகட்டும். ஆங்கிலத்தில் வாங்கிய 3-ஐ டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதலாம், கடும் போட்டியுள்ள தனியார் கல்லூரிகளுக்கு எழுதாமல் விடலாம். உலக வரலாற்று 3-ம் அப்படியே. 2-ஐக் கேட்காத இடத்தில் எழுத வேண்டாம். எழுதாமல் விட்டதற்காக யாரும் தண்டிக்கப் போவதில்லை. ஏ.பி. வகுப்பு எடுத்தும் தேர்வு எழுதாத பிள்ளைகள் நிறைய. ஒரு தேர்வுக்குக் கிட்டத்தட்ட 100 டாலர் கட்டணம், எல்லா வீட்டாலும் அது முடிவதில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கும் இது தெரியும். எழுதும் எண் மட்டும் சரியாக இருக்க வேண்டும். 3-ஐ 4 என்று போட்டுவிட்டு, சேர்ந்த பிறகு அதிகாரப்பூர்வ அறிக்கையில் 3 என்று வந்தால், கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை கல்லூரிக்கு உண்டு.

ஒரு சின்ன வேலை, இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். சில பள்ளிகள் டிரான்ஸ்கிரிப்டிலேயே ஏ.பி. ஸ்கோர்களை அச்சிட்டுவிடுகின்றன. மகனைப் பள்ளிக் கவுன்சலரிடம் ஒரு பிரதி வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் எல்லாம் இருந்தால், எதை எழுதுவது எதை விடுவது என்ற இந்த விவாதமே தேவையில்லை.

டெக்சாஸ் பற்றி ஒரு குறிப்பு. வகுப்பில் அவனுடைய தரவரிசை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் இங்கே முக்கியமான எண். டெக்சாஸ் சட்டப்படி பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தனி வரம்பு. 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களிலிருந்து அது முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தத் தரவரிசையில் சேருவது ஏ.பி. வகுப்பின் கிரேடு, தேர்வு ஸ்கோர் அதில் வருவதில்லை. அதே சமயம் தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம்தான். அவன் கேட்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் துறைக்கு அதே உத்தரவாதம் கிடையாது.

ரத்து செய்ய வேண்டாம்

கணவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். ரத்து செய்தால் அந்த ஸ்கோர் நிரந்தரமாகப் போய்விடும், திரும்ப வராது. அதற்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்குக் கட்டிய பணமும் திரும்பக் கிடைக்காது. ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு ஒரு ஸ்கோர் போகக் கூடாது என்றால் நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. ஒரு ஸ்கோருக்கு, ஒரு கல்லூரிக்கு 10 டாலர். பிறகு மனம் மாறினால் அதை விடுவித்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று கட்டாயம் செய்தாக வேண்டும் என்றால் நிறுத்திவைப்பதே மேல். உங்கள் விஷயத்தில் இரண்டுமே தேவைப்படவில்லை.

நீங்கள் அனுப்பிய நான்கு அறிக்கைகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். காலேஜ் போர்டு அறிக்கையில் ஒரு பாடத்தை மட்டும் பொறுக்கி அனுப்ப முடியாது. ரத்து செய்தது, நிறுத்திவைத்தது போக, அதுவரை எழுதிய எல்லாமே மொத்தமாகப் போகும். ஆகவே அந்த 2 நான்கு இடத்துக்கும் போய்விட்டது. போனதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் சேர்க்கைக்காகப் படிப்பவர் பார்ப்பது விண்ணப்பத்தில் மாணவர் எழுதியதை. அதிகாரப்பூர்வ அறிக்கைக்கு வேலை வருவது அவன் அங்கே சேர்ந்த பிறகு, கிரெடிட் கணக்குப் பார்க்கும்போது. தோழி சொன்ன "முழுமையாகாத விண்ணப்பம்" உங்கள் பட்டியலில் எதற்கும் பொருந்தாது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். எஸ்.ஏ.டி.யோடு குழப்பிக்கொண்டிருக்கலாம்.

மீதி ஏழு கல்லூரிகளுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஏ.பி. எழுதுபவருக்கு ஒரு கல்லூரிக்கு ஓர் அறிக்கை இலவசம். ஜூன் 20-க்குள் எந்தக் கல்லூரி என்று கணக்கில் குறிப்பிட வேண்டும். வரும் மே மாதம் அவன் பிசிக்ஸ் சி-யும் அரசியல் பாடமும் எழுதுவான். அதற்குள் எங்கே சேர்வது என்று முடிவாகியிருக்கும், பெரும்பாலான கல்லூரிகள் மே 1-க்குள் பதில் கேட்பவை. அந்தக் கல்லூரியின் பெயரை ஜூன் 20-க்கு முன் போட்டுவிட்டால், ஜூலையில் ஸ்கோர் வரும்போது பழையது புதியது எல்லாம் சேர்ந்து ஒரு காசு செலவில்லாமல் போய்விடும்.

யோசித்து வாங்க வேண்டியது கிரெடிட்டை

இங்கேதான் நான் நிறையப் பேச விரும்புகிறேன். பெற்றோர்கள் பலர் ஏ.பி.யைக் கட்டணத் தள்ளுபடிச் சீட்டு மாதிரி நினைக்கிறார்கள். ஆறு பாடத்துக்குக் கிரெடிட் கிடைத்தால் ஒரு வருடம் மிச்சம், ஒரு வருடக் கட்டணம் மிச்சம் என்று. சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவும் நடக்கிறது. ஆனால் கணக்கு கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

டெக்சாஸில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2015-ல் வந்த சட்டத்தின்படி, மாநில அரசுக் கல்லூரிகள் ஏ.பி.யில் 3 வாங்கினாலே முதலாண்டு அளவிலான பாடத்துக்குக் கிரெடிட் தர வேண்டும். ஒரு பாடத்துக்கு அதைவிட அதிகம் தேவை என்றால், கல்வித் தலைமை அதிகாரி ஆதாரத்தோடு அப்படி முடிவெடுத்திருக்க வேண்டும். நீங்கள் வெட்கப்படும் அந்த ஆங்கில 3, இங்கே எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றைக் குறைக்கக்கூடிய 3. தனியார் கல்லூரிகளில் அந்தச் சட்டம் செல்லாது. கால்டெக் ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதே இல்லை. டார்ட்மவுத் 2013-ல் பட்டத்துக்கான கிரெடிட்டை நிறுத்துவதாக அறிவித்து, எந்த வகுப்பில் உட்காரலாம் என்பதற்கு மட்டும் ஸ்கோரைப் பயன்படுத்துகிறது. எம்.ஐ.டி. கால்குலஸ் பி.சி.யில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது, 4-க்குத் தராது.

கிடைக்கும் கிரெடிட் எல்லாமே பயன்படுமா என்றால், அதுவும் இல்லை. கிரெடிட்டை இங்கே மணிக்கணக்கில் அளக்கிறார்கள். டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் எந்தப் பட்டம் வாங்கினாலும் அமெரிக்க வரலாற்றில் 6 மணி, அரசியலில் 6 மணி கிரெடிட் சட்டப்படி வேண்டும். அவன் எழுதியது உலக வரலாறு. அது அமெரிக்க வரலாற்றுக் கணக்கில் சேராது. விருப்பப் பாடமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். இன்ஜினியரிங் பாடத்திட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு இடமே குறைவு. இந்த வருடம் அவன் எழுதும் அரசியல் பாடம் ஓரளவு கைகொடுக்கும்.

பணம் மிச்சமாகுமா என்பதற்கும் நேரான பதில் இல்லை. பல கல்லூரிகளில் முழுநேர மாணவர் 12 மணி எடுத்தாலும் 17 மணி எடுத்தாலும் ஒரே கட்டணம். ஒரு பாடம் குறைந்தால் கட்டணம் குறையாது. மொத்தமாக ஒரு செமஸ்டர் குறைந்தால்தான் கையில் மிஞ்சும். இன்ஜினியரிங்கில் பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வரிசையில் நிற்பவை. வரலாறும் ஆங்கிலமும் குறைந்துவிட்டால் வாரத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் நான்கு வருட வரிசை அப்படியே இருக்கும். அந்த மூச்சுக்கும் மதிப்பு உண்டு. முதல் செமஸ்டரில் நான்கு கனமான பாடத்தோடு ஐந்தாவது ஒன்று இல்லாமல் இருப்பது ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய நிம்மதி. கிரெடிட் கூடக் கூட, பல இடங்களில் வகுப்புப் பதிவுக்கும் முன்னதாகவே முறை வரும், நல்ல நேரத்து வகுப்பு கிடைக்கும்.

இப்போது கால்குலஸ். 5 வாங்கியிருக்கிறான், இரண்டு செமஸ்டர் கால்குலஸைத் தாண்டி நேராக மூன்றாவதில் உட்காரலாம் என்று கல்லூரி சொல்லும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவியும் அப்படித்தான் உட்கார்ந்தாள். கெட்டிக்காரப் பெண். பதினொன்றாம் வகுப்பில் பி.சி. எழுதி 5 வாங்கினாள், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கே எடுக்கவில்லை. பதினைந்து மாத இடைவெளிக்குப் பிறகு மூன்றாவதான பலமாறிக் கால்குலஸ் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, தொகையீட்டு முறைகளே கைக்கு வரவில்லை. அந்த செமஸ்டர் சி கிரேடு. ஏ.பி. கிரெடிட்டுக்குக் கிரேடு கிடையாது, கல்லூரிக் கிரேடுகளின் சராசரியான ஜி.பி.ஏ.வில் அது சேராது. சேர்ந்தது அந்த சி-தான். அவள் கிரெடிட்டை வாங்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பார்க்காமல் வாங்கியது தப்பு. அன்று அவளுக்கு நான் அதைச் சொல்லத் தவறினேன். அதனால்தான் இப்போது ஒவ்வொருவரிடமும் இதை நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் மகனும் பதினொன்றிலேயே பி.சி. முடித்தவன். இந்த வருடம் அவன் என்ன கணக்கு எடுக்கிறான் என்று தெரியவில்லை. பிசிக்ஸ் சி-யில் கால்குலஸ் வந்துகொண்டே இருப்பதால் கை மறக்காது, அது நல்லது. கல்லூரி முடிவானதும், கால்குலஸ் இரண்டாவது பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைத் தேடி எடுத்து, கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பல துறைகள் இணையத்திலேயே போட்டிருக்கின்றன. தாளை முடிக்க முடிந்தால் தாண்டட்டும். பாதியில் திணறினால் இரண்டாவது கால்குலஸிலேயே உட்காரட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ-வுக்கும் இதே யோசனைதான். ஏ.பி. ஜாவாவில் நடக்கிறது. கல்லூரியின் முதல் பாடம் வேறு மொழியில் இருந்தால் தாண்டுவதற்கு முன் அட்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஆஸ்டின் போன்ற இடத்தில் ஸ்கோர் போய்ச் சேர்ந்ததும் கிரெடிட் தானாக ஏறிவிடாது. மாணவர் எந்தப் பாடத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். அட்வைசரைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். வேறு சில கல்லூரிகளில் தானாக ஏறிவிடும். அப்படியென்றால் முதல் ஓரியண்டேஷனிலேயே, ஏறிய கிரெடிட்டை விட்டுவிட்டு அதே பாடத்தைப் படிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மகள் டாக்டராக ஆசைப்படுகிறாள், அவளுக்கும் எல்லா ஏ.பி.யும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்குக் கணக்கே வேறு. பல மருத்துவக் கல்லூரிகள் உயிரியல், வேதியியல் அடிப்படைப் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பதில்லை. ஏற்றாலும் அதே துறையில் மேல்நிலைப் பாடம் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பிடித்த பாடத்தை எடுக்கட்டும்.

மகனிடம்

அவன் கத்தியது சரியில்லை. ஆனால் அவன் சொன்னது சரி. அந்தக் கணக்கு அவன் பெயரில் இருக்கிறது, தேர்வு எழுதியவன் அவன். அடுத்த ஆகஸ்டில் இது சட்டமாகவே உங்கள் முன் வரும். 1974-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, 18 வயது ஆகாவிட்டாலும்கூட, கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. வரித் தாக்கலில் அவனைச் சார்ந்திருப்பவனாகக் காட்டினால் கல்லூரி உங்களுக்குச் சொல்லலாம், சொல்லியே தீர வேண்டும் என்று இல்லை. கட்டணம் கட்டுவது நாங்கள்தானே என்று அலுவலகத்தில் வாதாடி மனம் நொந்துபோன பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பயத்தில் செய்தீர்கள், அன்பில் செய்தீர்கள், எனக்குப் புரிகிறது. அவனுக்கும் புரியும். ஆனால் நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் புரியும். "உன்னைக் கேக்காம அனுப்பினது என் தப்புப்பா" என்று ஒரு வரி போதும், கூடவே காரணம் அடுக்க வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் இந்த மடலை அவனிடமே கொடுத்துவிடுங்கள். எந்தக் கல்லூரிக்கு எந்த ஸ்கோரை எழுதுவது என்று அவன் ஒரு பட்டியல் போடட்டும், அப்பாவும் நீங்களும் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். கடைசிச் சொல் அவனுடையதாக இருக்கட்டும். 2-ஐயும் சேர்த்து எல்லா இடத்துக்கும் எழுதுகிறேன் என்று அவன் சொன்னாலும் சரி என்று விட்டுவிடுங்கள். அதனால் ஒன்றும் ஆகிவிடாது.

டிரான்ஸ்கிரிப்டில் ஸ்கோர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்ததும் எனக்கு எழுதுங்கள். அவனே எழுதினாலும் நல்லது.